நம்ம ராமநாதபுரம் கரையோரத்துல மீன் தொட்டிக்கு ஹீட்டர் வேணுமா? எது, எத்தனை வாட்ஸ், எப்படி மாட்டுறது

போன சித்திரைல தங்கச்சிமடத்துல இருந்து அக்கா மகன் போன் பண்ணான். "மாமா, ஹீட்டரை 24ல வச்சிருக்கேன், தண்ணி 32 காட்டுது, கொறையவே மாட்டேங்குது, டூப்ளிகேட் ஹீட்டரை குடுத்துட்டாய்ங்களா?"ன்னு கேக்குறான். சிரிக்கிறதா திட்டுறதான்னு தெரியல. ஹீட்டருக்கு தண்ணியைச் சூடாக்க மட்டும்தான் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. 24ல வச்சா தண்ணி 24க்கு கீழ எறங்குனா எரியும், ஏறுனா அணைஞ்சு சும்மா கெடக்கும், அம்புட்டுதான் அதோட வேலை. அக்கினி வெயில்ல நம்ம ஊர்ல எந்த வீட்டுத் தொட்டித் தண்ணி 24க்கு வரப்போகுது? விசாரிச்சா கடைல தொட்டி, பில்டர், லைட்டு, கலர்கல்லு, ஹீட்டர், நாலு கோல்டு பிஷ்ஷு எல்லாத்தையும் ஒரே செட்டா கட்டிக் குடுத்திருக்காங்க. கோல்டு பிஷ் குளுந்த தண்ணி மீனு, 18ல இருந்து 24 வரைக்கும் இருந்தா அதுக்கு சொகம். அதுக்குப் போயி ஹீட்டர் வித்துருக்காங்க, அதுவும் சித்திரைல.

புதுசா தொட்டி வைக்கிறவங்க நெறைய பேரு இதே மாதிரி கேக்குறாங்க, அதனால உக்காந்து மொத்தமா எழுதிட்டேன். இணையத்துல வர்ற வீடியோ முக்காவாசி ஐஸ் கொட்டுற ஊர்க்காரங்களோடது, அவங்க சொல்ற வாட்ஸ் கணக்கை அப்படியே எடுத்து உச்சிப்புளியிலயும் ஏர்வாடியிலயும் மாட்டுனா மீன் குளுருல சாகாது, சூட்டுல சாகும். எனக்கு அப்படித்தான் ஆச்சு, அதைப் பின்னாடி சொல்றேன்.

ஹீட்டருக்கு முன்னாடி தெர்மாமீட்டர்

மொத வேலை ஹீட்டர் வாங்குறது இல்ல, தெர்மாமீட்டர் வாங்குறது. கண்ணாடி மேல ஒட்டுற கலர் பட்டை ஒண்ணு வரும், அது வேணாம், வெளிச் சூட்டையும் சேத்துக் காட்டும், ரெண்டு மாசத்துல உரிஞ்சு வந்துரும். உள்ள ஒட்டுற கண்ணாடிக் குச்சி தெர்மாமீட்டரோ, வயர்ல சென்சார் தொங்குற டிஜிட்டலோ எடுங்க. வாங்குன உடனே நம்பிறாதீங்க, ஒரு டம்ளர்ல ஐஸை நல்லா நொறுக்கிப் போட்டு கொஞ்சமா தண்ணி ஊத்தி கலக்கி அதுல சென்சாரை அஞ்சு நிமிசம் வைங்க, பூஜ்யம் காட்டணும். ஒரு டிகிரி கூடக் கொறைய இருந்தா பரவால்ல, எவ்வளவு தப்புன்னு தொட்டில ஒரு ஓரமா எழுதி ஒட்டிக்கிட்டா போதும். மூணு டிகிரி தப்பா காட்டுறதும் விக்கிறாய்ங்க.

அப்புறம் ஒரு வாரம் ஒண்ணுமே பண்ணாம குறிச்சுக்கிட்டே வாங்க. காலைல அஞ்சு அஞ்சரைக்கு ஒருக்க, மதியம் மூணு மணிக்கு ஒருக்க. விடியக்காலைதான் தண்ணி கொறைஞ்ச சூட்டுல இருக்கும், அந்த நம்பர்தான் ஹீட்டர் வேணுமா வேணாமாங்குறதைச் சொல்லும். மதியம் பாக்குறது எதுக்குன்னா ராத்திரிக்கும் பகலுக்கும் எத்தனை டிகிரி ஆடுதுன்னு பாக்குறதுக்கு. மீனுக்கு 25ஆ 27ஆங்குறது பெரிய பிரச்சனை இல்ல, ஒரே நாள்ல 23க்கும் 29க்கும் ஊஞ்சல் ஆடுனா அதுதான் பிரச்சனை, எதிர்ப்புசக்தி போயி நோய் ஒட்டிக்கிரும்.

எங்க வீட்டுத் தொட்டி ஹால்ல செவுரு ஓரமா இருக்கு. சித்திரை வைகாசில சாயங்காலம் 31, 32 சாதாரணம். ஐப்பசி கார்த்திகை அடைமழைல நாலு நாள் தொடர்ந்து ஊத்துனா 25க்கு வரும். மார்கழி தைல வாடைக்காத்து சன்னல் வழியா வர்றப்ப விடியக்காலைல 24, ஒரு தடவை 23.4 வரைக்கும் பாத்துருக்கேன். அதாவது வருசத்துல பெரும்பாலான மாசம் நம்ம கரையோரத்துல ஹீட்டருக்கு வேலையே கெடையாது, மிச்ச மாசமும் ராத்திரி மட்டும்தான். உங்க வீடு ஓட்டு வீடா, மாடியா, கடலைப் பாத்த வீடாங்குறதைப் பொறுத்து மாறும், அதனாலதான் எழுதிப் பாருங்கன்னு சொல்றேன், என் நம்பரை எடுத்துக்காதீங்க.

யாருக்கு வேணும், யாருக்கு வேணாம்

கோல்டு பிஷ்ஷுக்கு வேணாம், சொல்லியாச்சு. கப்பிக்கு 22 வரைக்கும் தாங்கும், மோலிக்கு 24க்கு மேல இருந்தா நல்லது, ரெண்டுக்கும் நம்ம ஊர்ல ஹீட்டர் இல்லாமலே ஓட்டிறலாம். இன்னும் சொல்லப்போனா நம்ம போர்த்தண்ணி உப்பும் கடுமையும் மோலிக்குப் புடிச்ச தண்ணி. நியான் டெட்ரா 21ல இருந்து 26 வரைக்கும் கேக்குற மீனு, அதுக்கு வெயில்காலம்தான் எமன். இந்தப் பக்கம் நியான் வாங்கி வைகாசில சாகக் குடுக்காதவங்க ரொம்ப கம்மி.

ஏஞ்சல், ஃபைட்டர், ஆஸ்கார் எல்லாம் 24, 25ல இருந்து 28க்குள்ள. இதுகளுக்கு மழை சீசன்ல ஹீட்டர் இருந்தா நல்லது, இல்லாட்டி செத்துப்போயிராது, ஆனா சொணங்கிக் கெடக்கும், சாப்பாட்டைக் கக்கும். ஃப்ளவர்ஹார்னுக்கு 27ல இருந்து 30, டிஸ்கஸுக்கு 28ல இருந்து 30, இந்த ரெண்டையும் வளக்குறவங்க யோசிக்கவே வேணாம், கார்த்திகை பொறக்குறதுக்கு முன்னாடி ஹீட்டர் கைல இருக்கணும். டிஸ்கஸ் வைக்கணும்னு ஆசைப்படுற புது ஆளுகளுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், அது உப்பும் கடுமையும் இல்லாத மென்மையான தண்ணி கேக்குற மீனு, நம்ம போர்த்தண்ணில அதை வளக்குறது செலவு, ஹீட்டர் அதுல சின்னச் செலவு. மொத வருசம் மோலி கப்பில கை பழகிட்டு வாங்க.

இதுபோக மீன் எதுவா இருந்தாலும் ஹீட்டர் கண்டிப்பா வேணுங்குற எடம் ஒண்ணு இருக்கு, ஏசி ரூம். கீழக்கரைல நம்மளுக்குப் பழக்கமான காக்கா (அண்ணனை அங்க அப்படித்தான் கூப்புடுவாங்க) ஒருத்தர், துபாய்ல இருந்து வந்து செட்டிலானவர், பெட்ரூம்ல ஒரு கண்ணாடி பவுல்ல ஒத்த ஃபைட்டர் வச்சிருந்தார். செவப்பு வால், பாக்க ராசா மாதிரி இருக்கும். "தம்பி, பகல்ல துள்ளுது, காலைல பாத்தா அடில படுத்துருக்கு, என்னாண்டே தெரியல"ன்னார். தெர்மாமீட்டரை எடுத்துக்கிட்டுப் போனேன். பகல்ல 29. ராத்திரி அவரு ஏசியை 20ல வச்சுட்டு தூங்குறாரு, சுபுஹு தொழுகைக்கு எந்திரிக்கிறப்ப பாக்கச் சொன்னேன், 22ன்னு மெசேஜ் போட்டார். தெனமும் ஏழு டிகிரி எறங்கி ஏறுது அந்த மீனுக்கு. பவுலு பத்து லிட்டரு கூட இல்ல, அதுல சட்டுனு குளுரும் சட்டுனு சுடும். பவுலுக்கு ஹீட்டர் தேடுறதை விட்டுட்டு 25 லிட்டர்ல சின்னத் தொட்டி ஒண்ணு, 25 வாட்ஸ் ஹீட்டர் ஒண்ணு, மேல மூடி, அவ்வளவுதான் செஞ்சோம். பத்து நாள்ல அது மேல வந்து நுரைக்கூடு கட்ட ஆரம்பிச்சிருச்சு. காக்காவுக்கு சந்தோசம் தாங்கல, என்னை நோன்புக்கஞ்சி குடிக்காம விடல.

வாட்ஸ் கணக்கு

இங்கதான் கடைல ஏமாத்துறதும் நடக்குது, நம்மளா ஏமாறுறதும் நடக்குது. மொதல்ல தொட்டி எத்தனை லிட்டர்னு பாருங்க. நம்ம ஊர்ல தொட்டியை அடிக்கணக்குலதான் வாங்குவோம், நீளம் அகலம் ஒயரம் மூணையும் அடில பெருக்கி 28ஆல பெருக்குனா லிட்டர் வந்துரும். ரெண்டுக்கு ஒண்ணுக்கு ஒண்ணு தொட்டின்னா 56. கல்லு மண்ணு போக, மேல ரெண்டு இஞ்சு விட்டது போக, நெசமா நிக்கிற தண்ணி 45 லிட்டர்தான். மூணுக்கு ஒண்ணரைக்கு ஒண்ணரைன்னா 189, நெசத்துல 150, 160.

அடுத்தது எத்தனை டிகிரி ஏத்தணுங்குறது. இதை யாரும் கேக்குறதே இல்ல, லிட்டருக்கு ஒரு வாட்ஸ்னு ஒரே அடியா அடிச்சு விட்டுர்றாங்க. ரூமை விட தண்ணி எத்தனை டிகிரி கூட இருக்கணும்னு பாருங்க. மார்கழில ரூம் 23, ஏஞ்சலுக்கு 26 வேணும், வித்தியாசம் வெறும் மூணு டிகிரி. அதுக்கு லிட்டருக்கு அரை வாட்ஸ் தாராளம். 45 லிட்டர் தொட்டிக்கு 25 வாட்ஸ். ஏசி ரூமோ, டிஸ்கஸோ, ஆறேழு டிகிரி ஏத்தணும்னாதான் லிட்டருக்கு ஒரு வாட்ஸ். பெரிய தொட்டிக்கு கணக்கை விட கொஞ்சம் கம்மியாவே போதும், பெரிய தொட்டி சூட்டை மெதுவாத்தான் விடும்.

"கொஞ்சம் பெருசா வாங்கிப் போடுவோம், சீக்கிரம் சூடாகும், அப்புறம் தானா அணைஞ்சிரும்"னு தோணும். எனக்கும் தோணுச்சு. ஆறு வருசம் முன்னாடி இதே ரெண்டடித் தொட்டில கடைக்காரர் பேச்சைக் கேட்டு 200 வாட்ஸ் போட்டேன். நல்லாத்தான் ஓடுச்சு, மூணு வாரம். கார்த்திகைல ஒரு நாள் விடியக்காலைல பாத்ரூம் போக எந்திரிச்சேன், ஹால்ல ஒரு வாடை, பாசி வெந்த மாதிரி. லைட்டைப் போட்டா தொட்டிக் கண்ணாடி பூரா வேர்த்துருக்கு. கையை விட்டேன், புள்ளைக்குக் குளிப்பாட்ட விளாவி வச்ச வெந்நி மாதிரி இருந்துச்சு, தெர்மாமீட்டர் 37. நாலு ஏஞ்சலும் மேல மெதக்குது, வாயைத் தொறந்தபடி. ஹீட்டர்ல செவப்பு லைட்டு இன்னும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. உள்ள இருக்குற தெர்மோஸ்டாட்டோட காண்டாக்ட் ரெண்டும் ஒட்டிக்கிச்சு, அணையவே இல்ல.

உள்ள ஒரு உலோகப் பட்டை சூட்டுல வளைஞ்சு காண்டாக்டை விட்டு விலகும், குளுந்தா மறுபடி வந்து தொடும், ஒவ்வொரு தடவை தொடும்போதும் சின்னதா பொறி பறக்கும். அந்தப் பொறில காண்டாக்ட் கருகிக் கருகி ஒரு நாள் வெல்டு ஆனமாதிரி ஒட்டிக்கிரும். விலை கொறைஞ்சது சீக்கிரம் ஒட்டும், விலை கூடுனது லேட்டா ஒட்டும். ஒட்டவே ஒட்டாத தெர்மோஸ்டாட்டு கெடையாது. அதனால ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்ங்குறதை வச்சுத்தான் வாட்ஸை எடுக்கணும். ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி ஏத்த 4186 ஜூல் வேணும், பள்ளிக்கூடத்துல படிச்சதுதான். 45 லிட்டரை 200 வாட்ஸ் ஒரு டிகிரி ஏத்த கால் மணி நேரம், கொஞ்சம் கூட. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒட்டிக்கிச்சுன்னா அஞ்சு மணிக்கு பத்து டிகிரிக்கு மேல ஏறியிருக்கும். இதே 25 வாட்ஸா இருந்தா ஒரு டிகிரிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவும் போகப்போக தொட்டி வெளிய விடுற சூடும் ஹீட்டர் குடுக்குற சூடும் சமமாகி, ரூமை விட மூணு நாலு டிகிரி மேல போயி அங்கேயே நின்னுரும். ராத்திரி பூரா ஒட்டிக் கெடந்தாலும் மீன் உசுரோட இருக்கும், காலைல நம்ம எந்திரிச்சு பாத்து புடுங்கி விட்டுறலாம். சின்ன ஹீட்டருக்குக் கொலை பண்ணத் தெம்பு கெடையாது.

பெரிய தொட்டிக்கு 100 வாட்ஸ் வேணும்னா ஒரே 100ஆ வாங்காம ரெண்டு 50 வாங்கி ரெண்டு மூலைல போடுங்க. ஒண்ணு செத்தா இன்னொண்ணு தாங்கும், ஒண்ணு ஒட்டிக்கிட்டா பாதி பலம்தான் இருக்கும்.

லோ வோல்டேஜும் இதுல சேரும். சாயங்காலம் ஆனா எங்க தெருவுல 180க்கு வந்துரும். வாட்ஸ் வோல்டேஜோட வர்க்கத்துல கொறையும், 230ல 100 வாட்ஸ் குடுக்குற ஹீட்டர் 180ல 61 வாட்ஸ்தான் குடுக்கும். உங்க தெருவும் அப்படின்னா கணக்குக்கு அடுத்த சைஸ் எடுத்துக்கங்க, ஒரே ஒரு சைஸ், 200க்குத் தாவிறாதீங்க. அப்புறம் வெளிநாட்டுல இருந்து யாராவது கொண்டாந்து குடுத்தா மேல 110 வோல்ட்டுன்னு போட்டுருக்கான்னு பாருங்க, அதை நம்ம கரண்ட்ல சொருகுனா நாலு மடங்கு பலத்துல எரிஞ்சு வெடிக்கும்.

கரண்ட் பில்லு பயம் வேணாம். 50 வாட்ஸ் ஹீட்டர் ராத்திரில மொத்தமா ஆறு மணி நேரம் எரிஞ்சாலும் 0.3 யூனிட், மாசத்துக்கு ஒம்போது. ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ள இருக்குற வீட்டுக்காரங்க மட்டும் எல்லை தாண்டுதான்னு பாத்துக்கங்க.

எந்த வகை

கடைல பெரும்பாலும் கெடக்குறது கண்ணாடிக் குழாய் ஹீட்டர், தலைல திருகு வச்சு டிகிரி மாத்துறது. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு இதுவே போதும், கண்ணாடி கொஞ்சம் தடிமனா இருக்குறதா, திருகுல நம்பர் தெளிவா இருக்குறதா, எரியுறதைக் காட்டுற லைட்டு இருக்குறதா பாத்து எடுங்க. திருகே இல்லாம 25, 26ல கம்பெனியே செட் பண்ணி வச்சது ஒண்ணு வருது, சின்னத் தொட்டிக்கு வசதிதான், ஆனா ஒயிட் ஸ்பாட்டுங்குற வெள்ளைப்புள்ளி நோய் வந்தா சூட்டை ஏத்த முடியாது, அதனால நான் வாங்குறதில்ல. ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி மொரட்டு மீன் இருந்தா மேல பிளாஸ்டிக் கூடு போட்டது வேணும், இல்லாட்டி வாலை வீசி கண்ணாடியை உடைச்சிரும், நெசமா உடைக்கும்.

கூட ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர் வாங்கி ஹீட்டரை அது வழியா சொருகுனா ரெட்டைப் பூட்டு. கண்ட்ரோலரை 26லயும் ஹீட்டரோட திருகை 27லயும் வைங்க, கண்ட்ரோலர் கெட்டா ஹீட்டர் அணைக்கும், ஹீட்டர் ஒட்டிக்கிட்டா கண்ட்ரோலர் கட் பண்ணும். டிஸ்கஸ் வளக்குறவங்க, விலை கூடுன மீன் வச்சிருக்குறவங்க இதை வாங்காம இருக்காதீங்க. சென்சார் தண்ணிய விட்டு வெளிய வந்துறாம நல்லா ஒட்டணும், வெளிய விழுந்தா அது ரூமைப் பாத்துட்டு ஹீட்டரை எரிய விட்டுக்கிட்டே இருக்கும்.

கடல்தண்ணித் தொட்டி வைக்கிற ஆசை நம்ம பக்கம் பசங்களுக்கு சகஜம், தென்கடல் வீட்டு வாசல்ல இருக்கு. அதுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹீட்டர் போடாதீங்க, உப்புல துரு புடிக்கும், கண்ணாடியோ டைட்டானியமோ போடுங்க. அப்படியே இன்னொண்ணு, தீவுப் பக்கம் போனப்ப கெடச்சுச்சுன்னு பவளக்கல்லையோ கடல்குதிரையையோ கொண்டாந்து தொட்டில போடாதீங்க, வனவிலங்குச் சட்டத்துல தடை, கேஸு ஆகும். க்ளவுன் மீன் எல்லாம் குஞ்சு பொரிக்க வச்சு வளக்குற வித்தையை மண்டபத்துல இருக்குற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துலயே செஞ்சிருக்காங்க, பண்ணைல வளத்த மீனை வாங்குறதுதான் முறை.

மாட்டுறது

வீட்டுக்கு கொண்டு வந்த உடனே சொருகி எரியுதான்னு கையில புடிச்சுப் பாக்குறவங்க இருக்காங்க. வெளிய வச்சு சொருகவே கூடாது, ரெண்டு நிமிசத்துல கண்ணாடி கொதிச்சிரும், அப்படியே தண்ணில விட்டா பட்டுனு தெறிக்கும். மொதல்ல ஹீட்டரை தண்ணிக்குள்ள ஒட்டுங்க, 20 நிமிசம் சும்மா விடுங்க, கண்ணாடி தண்ணி சூட்டுக்கு வரட்டும், அப்புறம்தான் ப்ளக்கு.

எங்க ஒட்டுறதுன்னா பில்டர்ல இருந்து தண்ணி வெளிய வர்ற பக்கம். தண்ணி ஓடுற எடத்துல இருந்தாதான் சூடு தொட்டி பூரா பரவும், இல்லாட்டி ஹீட்டர் பக்கத்துல 28 இருக்கும், எதிர் மூலைல 24 இருக்கும், ஹீட்டரும் தன்னைச் சுத்தி மட்டும் பாத்துட்டு அணைஞ்சிரும். தெர்மாமீட்டரை எதிர் மூலைல வைங்க. ஹீட்டரைப் படுக்க வச்சோ சாய்ச்சோ கீழாக்க ஒட்டுனா நல்லது, தண்ணி கொறைஞ்சாலும் வெளிய தெரியாது, ஆனா படுக்க வைக்கலாமான்னு அட்டைல போட்டுருக்கும், பாத்துக்கங்க. கல்லுக்குள்ள பொதைக்காதீங்க. ரப்பர் சக்கர் ஒரு வருசத்துல கல்லு மாதிரி எறுகிப்போயி விட்டுரும், ரெண்டு எக்ஸ்ட்ரா வாங்கி வைங்க.

திருகை மொத நாளே 27ல வைக்காதீங்க. தண்ணி 24ல இருந்தா 25ல வைங்க, மறுநாள் 26. திருகுல போட்டுருக்குற நம்பரும் தெர்மாமீட்டர் நம்பரும் ஒத்துப்போகாது, ஒரு டிகிரி ரெண்டு டிகிரி தள்ளித்தான் நிக்கும், தெர்மாமீட்டரை நம்பி திருகைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி நிறுத்துங்க. மொத ரெண்டு நாள் வீட்ல ஆள் இருக்குறப்ப ஓடட்டும். செட் பண்ணுனதைத் தாண்டி ரெண்டு டிகிரி ஏறியும் லைட்டு எரிஞ்சா, அது புதுசா இருந்தாலும் சரி, தூக்கிப் போட்டுருங்க, மனசு கேக்காதுதான்.

வயர் விசயம் நம்ம கரையோரத்துல தனிக் கதை. தொட்டில இருந்து வர்ற வயர் நேரா ப்ளக்குக்குப் போகக் கூடாது, ப்ளக்கை விட கீழ தொங்கி வளைஞ்சு மேல ஏறணும், அப்பதான் வயர் வழியா வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிரும், சுவிட்சு போர்டுக்குள்ள போகாது. தொட்டிக்கு அடிலயே ஜங்ஷன் பாக்ஸை வைக்காதீங்க. உப்புக்காத்துல ப்ளக்கு பின்னு பச்சையா களிம்பு பூத்துரும், அப்புறம் லூஸா ஒக்காந்து சூடாகி உருகும். எங்க வீட்ல மாசம் ஒருக்க பின்னை உப்புத்தாளால தேய்ச்சுவிடுறேன். மெயின்ல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ணுற சுவிட்சு) இருக்கான்னு எலக்ட்ரீசியனைக் கேளுங்க, இல்லன்னா மாட்டச் சொல்லுங்க, கண்ணாடி உடைஞ்ச ஹீட்டர் இருக்குற தொட்டில கை விட்டா அதுதான் உங்களைக் காப்பாத்தும். அது இருந்தாலும் சரி, தொட்டில கை விடுறதுக்கு முன்னாடி ப்ளக்கைப் புடுங்கிருங்க. சுவிட்சை அணைச்சா போதும்னு எங்க மச்சான் சொல்லுவார், அவரு வீட்டு சுவிட்சு நியூட்ரல்ல மாட்டியிருந்ததை டெஸ்டர் வச்சுக் காட்டுன பொறகுதான் அடங்குனார்.

தண்ணி மாத்துறதுக்கு 20 நிமிசம் முன்னாடியே ஹீட்டரை அணைச்சிரணும். புது மீன் வாங்குனவங்க பாதிப்பேரு ஹீட்டரை ஒடைக்கிறது இந்த வேலைலதான், தண்ணி பாதி எறங்குனதும் சூடான கண்ணாடி வெளிய தெரியும், மேல குளுந்த தண்ணி ஊத்துவாங்க, டப்பு. மழைக்காலத்துல மாடி டேங்க் தண்ணி தொட்டியை விட ரொம்பக் குளுந்திருக்கும், வாளில புடிச்சு வச்சு கொஞ்சம் வெந்நி கலந்து கையை விட்டு சூடு பாத்து ஊத்துங்க.

போர்த்தண்ணி வீட்ல ரெண்டு மாசத்துல ஹீட்டர் மேல வெள்ளையா காரை படியும், இட்லிச் சட்டி அடில படியுமே அதே மாதிரி. அது படிஞ்சா சூடு வெளிய வராது, உள்ளயே கொதிச்சு ஹீட்டர் சீக்கிரம் போகும். கழட்டி ஆறவிட்டு வினிகர்லயோ எலுமிச்சம்பழச் சாத்துலயோ ஒரு மணி நேரம் துணியை நனைச்சு சுத்தி வச்சா கரைஞ்சிரும், சுரண்டாதீங்க. காவிரித் தண்ணி புடிக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை கம்மி, ஆனா அதுல குளோரின் இருக்கும், அது வேற பாடு.

மழையும் கரண்ட் கட்டும், ஒயிட் ஸ்பாட்டும்

புயல் சின்னம்னு பாம்பன்ல கூண்டு ஏத்துனாலே நம்ம பக்கம் கரண்டுக்கு உத்தரவாதம் இல்ல. அன்னைக்கு ஹீட்டரை நம்பாம தொட்டியோட மூணு பக்கமும் தெர்மாகோல் வச்சு மேல ஒரு போர்வையை மடிச்சுப் போட்டு மூடுங்க, காத்துக்கு ஓரத்துல ஒரு சந்து விட்டா போதும். தொட்டிச் சூட்டை ரொம்பத் திங்கிறது மேல்தண்ணிதான், ஆவியாப் போற தண்ணி சூட்டைத் தூக்கிட்டுப் போயிரும், அதனால சாதாரண நாள்லயே மூடி போட்டு வச்சா பாதி ஹீட்டர் வேலை மிச்சம். சில வீட்டுக்கு மூடி மட்டுமே போதும், ஹீட்டரே தேவைப்படாது. கரண்ட் போனா ஹீட்டரை விட ஏர் பம்ப்புதான் அவசரம், பேட்டரில ஓடுற சின்ன பம்ப் ஒண்ணு வாங்கி வைங்க. கேஸ் அடுப்புல வெந்நி வச்சு பாட்டில்ல ஊத்தி மூடி தொட்டில மெதக்க விடலாம், நேரா வெந்நியை ஊத்தக் கூடாது.

ஒயிட் ஸ்பாட் நோய் அடைமழை முடியுற நேரத்துலதான் பெரும்பாலும் வரும், மேல் பூரா உப்புக்கல்லு தூவுன மாதிரி புள்ளி புள்ளியா. அந்தக் கிருமி மீன் ஒடம்புல ஒட்டியிருக்குறப்ப மருந்து ஏறாது, உதுந்து தண்ணில நீந்துறப்பதான் சாகும். குளுருல அது உதுர வாரக்கணக்கு ஆகும், 29, 30ல மூணு நாலு நாள்ல உதுரும், அதனால மருந்தோட சேத்து சூட்டையும் ஏத்துறோம். ஒரு நாளைக்கு ஒரு டிகிரிக்கு மேல ஏத்தாதீங்க. ஏத்துறப்ப ஏர் பம்ப்பைக் கூட்டி வைங்க, 25 டிகிரி தண்ணில லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும்னா 30ல 7.5தான் கரையும், நோயாளி மீனுக்கு அது கொஞ்சம் இல்ல. கோல்டு பிஷ் தொட்டில இந்த வேலையே வேணாம், மருந்து மட்டும்.

மத்த மாசம்

பங்குனி பாதில விடியக்காலைத் தண்ணி 26க்கு மேல நிக்க ஆரம்பிச்சதும் ஹீட்டரைக் கழட்டிருங்க. எப்படியும் எரியாதுதானேன்னு உள்ளயே சொருகிப் போட்டு வச்சா, கெட்டு ஒட்டிக்கிற நாள் வெயில்காலமா இருந்தா 31ல இருந்து ஆரம்பிக்கும், கணக்குப் போட்டுக்கங்க. அதுக்கப்புறம் நம்ம பாடு சூட்டைக் கொறைக்கிறதுதான், இங்க அதுதான் நெசமான சண்டை. மன்னார் வளைகுடாவுல பவளப்பாறையே 2010லயும் 2016லயும் கோடைச் சூட்டுல வெளுத்துப் போச்சு, அம்புட்டுப் பெரிய கடலுக்கே அப்படின்னா ரெண்டடித் தொட்டி எம்மாத்திரம். மூடியை எடுத்துட்டு தண்ணி மேல சின்ன ஃபேனைத் திருப்பிவிட்டா ரெண்டு டிகிரி எறங்கும், காத்துல ஈரம் கூடுன நாள்ல ஒண்ணுதான் எறங்கும். தொட்டி லைட்டை மதியம் அணைச்சுப் போடுங்க. மேக்கு வெயில் அடிக்கிற செவுரு ஓரமா தொட்டி வச்சிருந்தா எடத்தை மாத்துங்க. தண்ணி பாட்டிலை ஃப்ரீசர்ல ஒறைய வச்சு மெதக்க விடலாம், ஒரு பாட்டில், ஒரே நேரத்துல நாலு பாட்டில் போட்டு 32ல இருந்து 26க்கு எறக்கிறாதீங்க, அதுவும் ஊஞ்சல்தான்.

கழட்டுன ஹீட்டரை காரை போகக் கழுவி, நல்லாக் காய வச்சு, ப்ளக்கு பின்னுல துளி தேங்காண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணில சுத்தி அட்டைல போட்டு, வாங்குன தேதியை மேல எழுதி வைங்க. நான் ரெண்டு சீசனுக்கு மேல எதையும் ஓட்டுறதில்ல. ஐப்பசில எடுத்து தொட்டில போடுறதுக்கு முன்னாடி ஒரு வாளித் தண்ணில ஒரு ராத்திரி ஓட விட்டு, நிக்கிற எடத்துல நிக்குதான்னு பாருங்க, வாளில மீன் இல்ல, ஒட்டிக்கிட்டாலும் ஒண்ணும் ஆகாது. தங்கச்சிமடத்து மருமகன் போன ஐப்பசில அப்படி வாளில போட்டுப் பாத்தான், அவனுக்கு செட்டோட குடுத்த அந்த ஹீட்டர் 26ல வச்சதுக்கு 33ல போயி நின்னுச்சாம்.